கூப்பிடாமல் போனவள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஸக்கியாவைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தும், காலையில் அவள் முகத்தில் விழிக்க விரும்பியவர்களும் இல்லை. கண்டிக்கு பஸ் ஏற நிற்பவர்கள் அவள் எதிரே வருவதைக் கண்டால் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சுக்குப் புறப்பட்டவர்கள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். அவள் பொல்லாதவள் என்று யாரும் சொன்னதில்லை. ஒருவரைக் கடிந்து பேசியதுகூடக் கிடையாது. செத்துப்போன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுகிறவள். அவ்வளவுதான் குற்றம்.

அந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. பெரிய யுத்தம் முடிகிற காலத்தில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் அடித்தது. வழக்கமாகக் குளிப்பாட்டும் கிழவியையே அது முதலில் கொண்டுபோனது. வீடுகளில் பெண் மையித்துக்கள் கிடக்க, தொட ஆளில்லாமல் பாங்கு சொல்லும் பள்ளிவாசல் மோதினார் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்கள். இருபது வயசு தாண்டியிருந்த ஸக்கியா காலைக் கட்டிக்கொண்டிருந்த மகனைப் புருஷனிடம் விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்று போனவளை ஊர் பிறகு விடவில்லை. புருஷன் மௌத்தாகி அடக்கமான பிறகு, மகன் மாத்தளையில் தையல் கடை பார்த்துக்கொண்டு அங்கேயே கல்யாணம் முடித்து இருந்துவிட்டான். ஸக்கியா ஆற்றங்கரை அறையில் தனியாக இருந்தாள்.

பலகையில் கிடத்திய உடம்பு எதையும் மறைக்காது. ஊரில் பெருமையாகச் சோறு போட்ட வீட்டு மருமகளின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். தடுக்கி விழுந்ததாகச் சொல்லப்பட்டவளின் முதுகில் வார்த் தழும்பு இருக்கும். அகப்பைக் காம்பின் சூடும், வைத்தியம் பார்க்காமல் விட்ட புண்ணும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. மையித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம். ஸக்கியா சொன்னதில்லை. கட்டுகஸ்தோட்டை மனிதர்களின் பாதி அக்கிரமம் அவள் நெஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. அதை நினைக்கும்போது அவளுக்கு மனசின் ஓரத்தில் ஒரு திருப்தி உண்டு. மற்றவர்கள் செய்கிறார்கள், நான் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்கிற திருப்தி.

சீவியத்துக்கு அரிசி மா இடித்து வறுத்துக் கொடுத்தாள். அதை வாங்கி விற்றவர் சாஹுல் ஹமீது. பாலத்துக்குப் போகும் தெருவில் அவருக்குச் சில்லறைக் கடை. ஸக்கியா இருந்த அறை வரிசையும் அவர் வாப்பா கட்டி வைத்ததுதான். மையித்தைத் தொடும் கை இடித்த மா என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அவர் அதைத் தகரத்தில் போட்டு மூடி, அக்குறணையிலிருந்து வருகிற மா என்று விற்றார். ஸக்கியாவுக்கும் அது தெரியும். மா நல்லதாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். சாஹுல் ஹமீது நல்ல பெயர் எடுத்த மனிதர். நோன்பு மாதத்தில் பள்ளிக் கஞ்சிக்கு அரிசி அவர் கடையிலிருந்துதான் போகும். தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பார். அவர் மனைவி உம்மு குல்சும் அக்குறணைப் பெண். வீட்டை விட்டு வெளியே வருவது குறைவு.

ஸக்கியாவின் வாசலுக்குத் தயங்காமல் வந்த ஒரே பெண் வீரம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் ஆற்றோரக் குடிசையில் இருந்தாள். அவள் புருஷன் அழகமுத்து தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கங்காணியோடு முட்டிக்கொண்டு வெளியேறி வந்து, மகாவலியில் மணல் அள்ளி வண்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரே மகள் நல்லம்மா. மையித்து வீட்டிலிருந்து ஸக்கியா திரும்பும்போது வீரம்மா வேலியோரம் குடத்தோடு நிற்பாள். தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, சூடாகச் சாயத் தேநீரும் கொடுப்பாள். யார் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்க மாட்டாள். "போய்ப் படுங்கக்கா" என்பாள், அவ்வளவுதான். ஸக்கியா அவளை நீ என்றும் புள்ள என்றும் கூப்பிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வைகாசி மழை பொய்த்தது. ஆடி ஆவணியில் மகாவலி மெலிந்து, பாலத்துக்குக் கீழே பாறைகள் பன்றி முதுகு போல எழுந்தன. முழங்கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போகலாம் என்று சனங்கள் வேடிக்கையாகப் போய் வந்தார்கள். தேங்கிய மடுக்களில் கையால் மீன் பிடித்தார்கள். கடைகளுக்குப் பின்னாலிருந்த பொதுக் கிணறு கலங்கி, பிறகு சேறாகி, பிறகு நாறியது. ஸக்கியாவும் வீரம்மாவும் சேர்ந்து ஆற்று மணலில் ஒரு குழி தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் கண்ணாடி போலத் தண்ணீர் ஊறியது. இரண்டு வீட்டுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் நல்லம்மா பெரியபிள்ளையானாள். தோட்டத்திலிருந்து அழகமுத்துவின் உறவுக்காரர்கள் தாம்பாளமும் சேலையுமாக வந்து இறங்கினார்கள். அதே காலையில் ஸக்கியா ஒரு மையித்து வீட்டிலிருந்து ஈரச் சேலையோடு திரும்பிக் குழிக்கரைக்கு வந்தாள். வந்திருந்த பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்து, தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த வீரம்மாவின் முகம் கறுத்துப் போயிற்று. சொந்தக்காரர்கள் முன்னால் தலை குனிந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அவளுக்கு.

"அக்கா, இன்னிக்கி இந்தக் குழியில கை வைக்காதீங்க. நல்ல காரியம் நடக்குற வீடு."

ஊரில் யார் சொல்லியிருந்தாலும் ஸக்கியா துடைத்துப் போட்டிருப்பாள். பதினாறு வருஷமாகத் துடைத்துக்கொண்டுதானே இருக்கிறாள். வீரம்மாவின் வாயிலிருந்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் ஓடிய மெல்லிய ஓடைக்குப் போய்க் குளித்தாள். மறுநாள் தனக்கென்று வேறு குழி தோண்டினாள்.

உறவுக்காரர்கள் போனதும் வீரம்மா பலகாரத் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். "வைங்க, நீங்க எதுக்குக் கஷ்டப்பட்டீங்க" என்றாள் ஸக்கியா, உலக்கையை நிறுத்தாமல். அந்த நீங்க என்ற சொல் வீரம்மாவுக்கு உறைத்தது. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வேலியோரம் யாரும் குடத்தோடு நிற்கவில்லை.

மற்ற வீட்டாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இவள் குழியில் அவள் சட்டி கழுவினாள், அவள் குழியில் இவள் பிள்ளை கால் வைத்தது என்று ஆளாளுக்குச் சண்டை. கொஞ்ச நாளில் வீட்டுக்கொரு குழி. மேலே பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்று மணல் அம்மை போட்ட முகம் மாதிரித் தெரிந்தது. ஐப்பசியில் சிறு மழை பெய்தது. ஆறு பெருகி அடித்துப் போக அது காணாது. குழிகள் நிறைந்து தெளிந்து நிற்கப் போதுமாக இருந்தது. சுகாதாரப் பகுதி ஆள் ஒருவர் வந்து, தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகும், அது கடித்தால் காய்ச்சல் வரும், குழிகளை மூடுங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திவிட்டுப் போனார். பக்கத்து வீட்டார் மூடட்டும், பிறகு நாங்கள் மூடுகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸக்கியாவும் அதைத்தான் சொன்னாள். தண்ணீருக்குள் நூல் துணுக்கு போல ஏதோ நெளிவதை அவள் கண்டிருந்தாள். முந்தானையை மடித்து வடித்து எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. முதலில் கேகாலைப் பக்கம் என்றார்கள். பிறகு மாவனல்லை, பிறகு கடுகண்ணாவை. வண்டிக்காரர்கள் கொண்டுவரும் செய்தி ஒவ்வொரு கிழமையும் ஓர் ஊர் கிட்ட வந்தது. பிறகு யாரும் செய்தி கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. நடுப்பகல் வெயிலில் பற்கள் கிட்டிக்க ஆட்கள் கடை வாசலில் சுருண்டு விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை, தரையிலும் இடமில்லை. கொயினா மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபடியே சிலர் செத்தார்கள். மார்கழியில் நோன்பு பிறந்தது. ஸக்கியா வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டினாள். காய்ந்த சுள்ளி மாதிரி உடம்புகள், இடப்பக்கம் மட்டும் கல்லாகக் கட்டிய மண்ணீரல். குளிப்பாட்ட வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவருவார்கள். அது எந்தக் குழித் தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை.

அழகமுத்து வேலைக்குப் போகாததை அவள் கவனித்தாள். பிறகு நல்லம்மா தண்ணீருக்கு வராததையும் கவனித்தாள். ஒரு நாள் மாலை நோன்பு திறக்க முன், வேலிக்கு அப்பால் அடுப்புப் புகை இல்லை என்று பட்டது. வேலியோரம் போய் நின்று பார்த்தாள். தட்டிக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே யாரோ முனகினார்கள். படலையில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

கூப்பிட்டால் போவோம் என்று நினைத்தாள். கூப்பிடாமல் நோயாளி வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை. அவள் போனால் உயிரை எடுக்கும் மலக்குல் மௌத்தைக் கையோடு கூட்டிவந்தாள் என்பார்கள். அது ஊருக்கும் அவளுக்கும் இருந்த பழைய ஒப்பந்தம். அன்று மாலை அந்த ஒப்பந்தம் அவளுக்கு வெகு வசதியாக இருந்தது. நல்ல காரியத்துக்கு ஆகாத கை நோய்க்கு மட்டும் ஆகுமா? கூப்பிடட்டும். திரும்பி வந்து நோன்பைத் திறந்து கஞ்சி குடித்தாள். மறுநாளும் புகை இல்லை. மறுநாளும் அவள் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் வெள்ளைக்காரர்களின் வருஷப் பிறப்பு. காற்று கண்டிப் பக்கமிருந்து மாதாகோயில் மணியைக் கொண்டுவந்தது. மணி ஓய்ந்த பிறகு வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை என்று ஸக்கியாவுக்கு உறைத்தது. முனகல்கூட இல்லை. படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வீரம்மா கதவோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். தொட்டதுமே ஸக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது, இராத்திரியே முடிந்திருந்தது. அழகமுத்து மூலையில் சாக்குக்குள் சுருண்டு, கண் திறந்திருந்தும் ஆளை அறியாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். நல்லம்மா தாயின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஸக்கியா அவள் வாயில் தண்ணீர் விட்டாள். குடித்துவிட்டு அந்தப் பெண் வெகுநேரம் அவளையே பார்த்தாள். அழவில்லை.

"நீங்க வேலிகிட்ட வந்து பாத்துட்டுப் போனீங்க. அம்மாவும் பாத்துச்சு."

ஸக்கியாவால் கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைக்க முடியவில்லை.

"கூப்பிடவான்னு கேட்டேன். வேணாம்னுச்சு. நா சொன்ன சொல்லுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறதுன்னுச்சு. அவங்க தானா வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

வேறு பெண்கள் யாரும் வருகிற நிலையில் இல்லை. ஸக்கியாவே தண்ணீர் சுட வைத்தாள். வேற்று மதத்துக்காரி ஒருத்தியை அவள் குளிப்பாட்டியது அதுதான் முதல் தடவை. ஓத வேண்டியது எதையும் ஓதாமல், உடன்பிறந்தவளைக் குளிக்க வைப்பது போலத் தலை முடியைச் சிக்கெடுத்து, நல்லம்மா காட்டிய சேலையை உடுத்தி, குங்குமமும் வைத்தாள். வீரம்மாவின் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. யாரும் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. பலகையில் எத்தனையோ பேருடைய குற்றத்தைக் கண்டவள், இந்த உடம்பில் தன்னுடையதைத் தவிர வேறு ஒன்றையும் காணவில்லை. மணல் வண்டிக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

தகப்பனையும் மகளையும் அவள் தன் அறைக்குப் பக்கத்திலேயே கிடத்திப் பார்த்தாள். இருவரும் தேறினார்கள். மாசி முடிய அழகமுத்து, இந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துக்கே போய்விட்டான். போகும்போது அவன் ஸக்கியாவைக் கும்பிட்டான். நல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஸக்கியா அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷப் பிறப்பிலிருந்து அவள் கூப்பிடாமல் போகத் தொடங்கினாள். எந்த வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் கஞ்சிச் சட்டியோடு வாசலில் நிற்பாள். சனங்கள் வெலவெலத்துப் போனார்கள். ஒரு வீட்டில் நோயாளிக் கிழவன் அவளைக் கண்டதும் கத்தி அழுதான். இன்னொரு வீட்டில் சாணித் தண்ணீரைக் கரைத்து அவள் நின்ற இடத்தில் ஊற்றினார்கள். யாரும் எழும்ப முடியாத வீடுகளில் மட்டும் அவள் உள்ளே போக முடிந்தது. அப்படிப் போன வீடுகளில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். செத்தவர்களைத்தான் ஊர் கணக்கில் வைத்துக்கொண்டது.

பங்குனியில் ஓய்ந்ததாக நினைத்த காய்ச்சல் மறுபடியும் தலை காட்டியது. முன்பு பிழைத்தவர்களையே திரும்பத் தேடி வந்தது. அந்தக் கிழமையில்தான் முஸ்லிம்களின் புது வருஷமான முஹர்ரம் பிறை. பழைய வருஷம் முடிகிற மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் துஆ ஓதினார்கள். கடந்த வருஷம் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற துஆ. அறை வாசலில் உட்கார்ந்து ஸக்கியா ஆமீன் சொல்லப் பார்த்தாள். செய்ததை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். செய்யாமல் விட்டதற்கு எப்படிக் கேட்பது என்று விளங்கவில்லை. வேலியில் கை வைத்து எடுத்தது செய்ததா, செய்யாததா? எழுந்து அடுப்பிலிருந்த கஞ்சியைச் சட்டியில் வார்த்தாள். சாஹுல் ஹமீதின் மனைவிக்குக் காய்ச்சல் என்று காலையில் கேள்விப்பட்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து புது வருஷம் பிறக்க, மஃரிபு தொழுதுவிட்டு வந்த சாஹுல் ஹமீது தன் வாசல் படியில் அவளைக் கண்டு திகைத்து நின்றார்.

"ராத்தா, கோவிக்க வேணாம். வருஷம் பொறந்த நேரம். இந்த வாசலுக்கு நீங்க வரப்படாது."

"கஞ்சி கொண்டுவந்தன், தம்பி. பருக்கிட்டுப் போறன்."

தந்துவிட்டுப் போங்கள் என்று அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நோயாளிக்குக் கஞ்சி கொண்டுவந்த விதவையை வாசலில் வைத்துச் சத்தம் போட அந்த மனிதரால் முடியவில்லை. நல்ல பெயர் அவரை வழியை விட்டு விலக்கியது. ஸக்கியா உள்ளே போனாள்.

உம்மு குல்சும் கட்டிலில் அனலாகக் கொதித்துக்கொண்டு கிடந்தாள். வந்தது யார் என்று கண்டதும் சுவரோடு ஒதுங்கினாள். பிறகு இரண்டு கையாலும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டாள். மரணத்துக்குப் பயந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஸக்கியா கட்டிலோரம் உட்கார்ந்து, ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், பிறகு சட்டைக் கையை மெதுவாக ஏற்றினாள். முழங்கை வரைக்கும் சூட்டுக் காயம். ஆறியது, ஆறாதது, தோலுரிந்து நீர் கட்டியது. இப்படிப்பட்ட கைகளை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். அவை ஒன்றும் உயிரோடு சூடாக இருந்ததில்லை, அவள் பிடியிலிருந்து இப்படி விடுவித்துக்கொள்ளப் பார்த்ததில்லை.

"நீங்க கண்டத வெளிய சொல்ற இல்ல என்டு ஊர்ல எல்லாரும் சொல்ற" என்றாள் உம்மு குல்சும், மூச்சு வாங்க.

"அது மௌத்தானவங்களுக்கு, மகள். நீ உசுரோட ஈக்கிற."

கஞ்சி முழுவதையும் பருக்கிவிட்டுத்தான் எழுந்தாள். வெளியே சாஹுல் ஹமீது நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து, "நான் கண்டுட்டன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

முஹர்ரத்தின் முதல் காலை வெயில் ஏறுவதற்குள் அவள் அக்குறணைக்கு நடந்துவிட்டாள். உம்மு குல்சுமின் வாப்பா மிளகு வியாபாரம் செய்கிற, அளந்து பேசும் மனிதர். முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, அது புருஷன் பெண்சாதி விஷயம், மூன்றாம் ஆள் தலையிடலாமா என்று இழுத்தார். தான் பார்த்ததை ஸக்கியா ஒன்றொன்றாகச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குளிப்பாட்ட என்னையத்தான் கூப்பிடுவீங்க. நான் வருவன். இப்ப நீங்க வாங்க" என்றாள்.

அவர் அன்றே மாட்டு வண்டியோடு வந்து மகளை ஏற்றிக்கொண்டு போனார். வைத்தியத்துக்கு என்று ஊருக்குச் சொன்னார்கள். ஸக்கியாவின் வாயிலிருந்து ஊர் வேறு எதையும் கேட்கவில்லை. சாஹுல் ஹமீதும் அவளைத் திட்டவில்லை. அறையை ஒழித்துத் தரும்படி கடை ஆளிடம் சொல்லி அனுப்பினார், மா வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். அவள் கால் பட்டுத்தான் வீட்டில் நிம்மதி போயிற்று என்று பள்ளி வாசலில் அவர் நொந்துகொண்டதாகக் கேள்வி. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

சித்திரை வருஷப் பிறப்பன்று அவள் புறப்பட்டாள். உரலைத் தூக்க முடியாது, விட்டுவிட்டாள். உலக்கையும் ஒரு மூட்டையும் மட்டும். வழியெல்லாம் பட்டாசு. நல்ல நேரம் பிறக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாதென்று சிங்கள வீடுகளில் நெருப்பை அணைத்து வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் ஒரு வீட்டில்கூடப் புகை இல்லாததைக் கண்டு நடையை நிறுத்தினாள். அது வழக்கம் என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு படலையில் நின்று, எல்லோரும் சுகமா என்று குரல் கொடுத்தாள். புதுச்சேலை கட்டிய பெண் எட்டிப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். பிறகுதான் அவளால் நடக்க முடிந்தது.

அம்பிட்டிய மேட்டில் ஓர் அறை கிடைத்தது. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. சில மாதங்கள்தான். பிறகு அங்கும் தெரிந்துவிட்டது, அங்கும் சனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் மா இடித்தாள், கூப்பிட்ட வீட்டுக்கும் போனாள், கூப்பிடாத வீட்டுக்கும் போனாள்.

உம்மு குல்சும் பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் பெரியவர்கள் கூடிப் பேசி அவளைப் புருஷனோடு சேர்த்து வைத்தார்கள். அவர் சத்தியம் செய்து கொடுத்தாராம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து ஆள் யாராவது மேட்டில் ஏறி வருவதைக் கண்டால் குளிப்பாட்டக் கூப்பிட வருகிறாரோ என்று ஸக்கியா உலக்கையை நிறுத்திவிடுவாள். வந்தவர் வாயைத் திறக்கும்வரை மறுபடி தூக்க மாட்டாள்.

முஹர்ரம் வந்தது. பழைய வருஷத்தின் கடைசி மாலையில் சாஹுல் ஹமீது மஃரிபு தொழுதுவிட்டுத் தெருவில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டு வந்தார். அவர் வாசல் படியில் ஸக்கியா கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாஹுல் ஹமீது படியை விட்டு விலகினார். வருஷம் பிறக்கிற நேரத்தில் மையித்துக் குளிப்பாட்டுகிறவள் தேடி வந்து காத்திருக்கும் வீடு அது ஒன்றுதான் என்று கட்டுகஸ்தோட்டை முழுக்க அன்றே பேசிக்கொண்டது. அவருக்கு அந்த இராத்திரி தூக்கம் வரவில்லை என்று கடை ஆள் பிறகு சொன்னான்.

அதற்கு அடுத்த முஹர்ரத்துக்கும் அவள் வந்தாள், அதற்கு அடுத்ததற்கும். அம்பிட்டியவிலிருந்து கண்டி ஊடாக நடந்தே வருவாள். ஊர் அவளைப் பார்த்து எவ்வளவு பயந்ததோ அவ்வளவு பயமும் அந்த ஒரு வாசலுக்கு வேண்டியிருந்தது. சாஹுல் ஹமீது வழியை விட்டு விலகி நிற்பார். ஸக்கியா உள்ளே போய், சட்டியைக் கீழே வைத்து, நோயில்லாமல் நிற்கிற உம்மு குல்சுமை விளக்குக்குக் கிட்ட வரச் சொல்வாள்.

"கையக் காட்டு, மகள்."